ஒரு நாளுக்குப் பதின்மூன்று ஃபிரேம்கள்

16 எம்.எம். படச்சுருள் ஒன்றை விளக்குப் பெட்டியின்மேல் விரித்து உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால், அதில் மனிதர் எங்கே நடித்திருக்கிறார், பொம்மை எங்கே நடித்திருக்கிறது என்பது திரையில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். வாள் வீசும் நடிகரின் கை, காமிரா ஒரு ஃபிரேமைப் பதிவு செய்யும் நொடித்துளிக்குள்ளும் நகர்ந்துகொண்டே இருப்பதால், தன் பாதையில் இழுபட்டு மங்கியிருக்கும். அவரை எதிர்த்து நிற்கும் எலும்புக்கூட்டின் கையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் விரல் எலும்புவரை துலக்கமாக இருக்கும். ஏனென்றால் ஃபிரேம் பதிவான அந்தக் கணத்தில் அது அசையவே இல்லை. அசைவு நிகழ்ந்தது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே, காமிராவின் ஷட்டர் மூடியிருந்த நேரத்தில், ஒரு மனிதரின் விரல்களால். ஸ்டாப்-மோஷன் முறையில் எடுக்கப்பட்ட பழைய மாயாஜாலப் படங்களின் பிரிண்ட்டுகளைத் தேடிச் சேர்க்கும் ஈடுபாடு எனக்கு வேரூன்றியது இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான். படம் ஓடும்போது உழைப்பு மறைந்து மாயம் மட்டும் நிற்கிறது. சுருளைக் கையில் எடுக்கும்போது அந்த உழைப்பு வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, எண்ணிப் பார்க்கும்படி கிடக்கிறது.

1963இல் வெளிவந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தின் இறுதியில் மூன்று வீரர்கள் ஏழு எலும்புக்கூடுகளோடு போரிடும் காட்சியை இந்தக் கலையின் உச்சம் என்று சொல்லுவோர் உண்டு; நானும் அப்படித்தான் சொல்லுவேன். ரே ஹாரிஹவுசன் அதைத் தனியொருவராக அசைவூட்டினார். திரையில் சில நிமிடங்களே நீளும் அந்தச் சண்டைக்கு அவருக்கு நாலரை மாதம் பிடித்தது; ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் முடிந்தது சராசரியாகப் பதின்மூன்று ஃபிரேம்கள்தான் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும் திரையில் அது அரை நொடிக்குச் சற்றே கூடுதல். ஏழு எலும்புக்கூடுகள், ஒவ்வொன்றுக்கும் தலை, கைகள், கால்கள், கேடயம், வாள். அத்தனையையும் இம்மி இம்மியாக நகர்த்தி, முன்பே படமாக்கப்பட்ட நடிகர்களின் அசைவோடு பொருத்தி, ஒரு ஃபிரேம் எடுத்து, மீண்டும் நகர்த்த வேண்டும். இந்தக் கணக்கு ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு எந்தப் பிரிண்ட்டையும் பழைய கண்ணால் பார்க்க முடிவதில்லை. விற்பவர் “அங்கங்கே சில ஒட்டுகள் உண்டு, மற்றபடி நல்ல நிலை” என்று எழுதியிருந்தால், அந்த ஒட்டுகள், அதாவது கிழிந்த ஃபிரேம்களை வெட்டியெடுத்துச் சுருளை மீண்டும் இணைத்த இடங்கள், எங்கே என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் பத்து ஃபிரேம்கள் போனால் ஒரு சொல்லின் வால் போகும். எலும்புக்கூட்டுச் சண்டையில் பத்து ஃபிரேம்கள் போனால் ஒருவரின் ஒரு நாள் வேலை ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது என்று பொருள்.

இப்படங்களில் ஒட்டுகள் வரக்கூடாத இடத்தில்தான் அதிகம் வருகின்றன என்பது வருத்தத்துக்குரிய உண்மை. படச்சுருள் புரொஜக்டரில் மாட்டிக்கொண்டு கிழிவது பெரும்பாலும் ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும். டிராகனும் பூதமும் எலும்புக்கூடுகளும் மோதும் உச்சக்கட்டமோ கதையின் கடைசி ரீலில் இருக்கும். போதாததற்கு, அரக்கன் நன்றாகத் தெரியும் ஃபிரேம்களைக் கத்தரித்து நினைவுப் பொருளாக எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் புரொஜக்டர் இயக்கியவர்களிடையேயும் சேகரிப்பாளர்களிடையேயும் இருந்திருக்கிறது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை மன்னிக்க மனம் வருவதில்லை. ஒருவர் சட்டைப்பையில் கொண்டுபோன நான்கு ஃபிரேம்களுக்காக அந்தப் பிரிண்ட் இருக்கும்வரை அரக்கன் அந்த இடத்தில் ஒரு தாவு தாவிக்கொண்டே இருப்பான்.

தாவுவது படம் மட்டுமன்று. 16 எம்.எம். சுருளில் ஒலித்தடம், தனக்குரிய படத்துக்கு 26 ஃபிரேம்கள் முன்னால் அச்சாகியிருக்கும். ஒலியைப் படிக்கும் உருளை, படம் நிற்கும் வாயிலைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருப்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே ஓர் ஒட்டு வரும்போது முதலில் படம் தாவும். ஒரு நொடிக்குச் சற்று அதிகம் கழித்து, வேறொரு அசைவின் நடுவே, இசை தாவும். 1958இல் வெளிவந்த ‘தி செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்’ படத்தில் பெர்னார்ட் ஹெர்மன், எலும்புக்கூட்டோடு நடக்கும் வாள்சண்டைக்கு சைலோஃபோனின் மர ஒலிகளை எலும்புகள் மோதும் ஓசை போலவே அமைத்திருக்கிறார். அந்த இசையில் ஒரு தாளம் விழுந்துவிட்டால் காது அதை விடாது. ஒரே காயம் இரண்டு இடத்தில் வலிக்கிறது.

பிரிண்ட் ஒன்றை வாங்கியவுடன் புரொஜக்டரில் ஏற்றிவிடுவது கூடாது. கையால் சுற்றும் ரீவைண்டரில் பூட்டி, சுருளின் இரு ஓரங்களையும் மெல்லிய துணிக் கையுறை அணிந்த விரல்களுக்கு இடையே ஓடவிட்டு, முழு நீளத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். முறிந்த ஓரத் துளைகளும் பிரியத் தொடங்கிய ஒட்டுகளும் கண்ணுக்கு முன்பாகக் கைக்குத் தெரியும். பிறகு கீறல்கள். அடித்தளத்தின், அதாவது சாயம் பூசாத வெறும் பிளாஸ்டிக்கின், பக்கம் விழுந்த கீறல் திரையில் கறுப்புக் கோடாகத் தெரியும். அதற்குப் பரிகாரம் ஓரளவு உண்டு. சாயப் பூச்சின் பக்கம் விழுந்த கீறல் வண்ணப் பிரிண்ட்டில் பச்சைக் கோடாகத் தெரியும், ஏனென்றால் மேலாக இருக்கும் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) அடுக்குதான் முதலில் உரிகிறது. இன்னும் ஆழமாகப் போனால் கோடு வெள்ளையாகிவிடும்; அங்கே படமே இல்லை. முழுநீளப் படம் ஒன்றுக்கு இந்த ஆய்வு ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ளும். 16 எம்.எம்.மில் ஒரு நிமிடத்துக்கு 36 அடி. ஒன்றரை மணி நேரப் படம் மூவாயிரம் அடியைத் தாண்டும். அந்த நீளத்தில் அலுப்பு வருவதில்லை. சொல்லப்போனால் படம் பார்ப்பதைவிட இதில்தான் நான் அதிகம் கற்றிருக்கிறேன். 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தை விளக்குப் பெட்டியின்மேல் நகர்த்தினால், பொம்மைக்குப் போர்த்திய முயல் தோலின் மயிர் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு பக்கமாக விலகியிருப்பது தெரியும். திரையில் அது காங்கின் உடல் சிலிர்ப்பதாகத் தோன்றும். உண்மையில் அது பொம்மையை நகர்த்திய விரல்கள் பட்ட இடம். 1933க்கு முன் என்றோ ஒரு நாள், ஸ்டுடியோவின் வெளிச்சத்தில், ஒரு கை அங்கே இருந்ததற்கான சாட்சி அது.

வண்ணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தச் சேகரிப்பில் மனத்தை அதிகம் நோகடிப்பதும் அதிகம் குளிர்விப்பதும் அதுதான். 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அச்சான ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்டுகளில் மூன்று சாயங்கள் மூன்று அடுக்குகளாக இருக்கின்றன. இருட்டிலும் பெட்டிக்குள்ளும் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மறையத் தொடங்குகிறது, மஞ்சளும் தேய்கிறது, மெஜந்தா மட்டும் நிலைத்து நிற்கிறது. விளைவு, படம் முழுவதும் இளஞ்சிவப்பாகவும் பிறகு பழுப்புச் சிவப்பாகவும் மாறிவிடுகிறது. ‘ஜேசன்’ படத்தில் கடற்கரையில் எழுந்து நடக்கும் தாலோஸ் என்ற வெண்கலப் பேருருவத்துக்கு ஹாரிஹவுசன் களிம்பேறிய பச்சை நிறம் கொடுத்திருக்கிறார். பின்னால் நீலக் கடல், மேலே நீல வானம். நிறம் போன பிரிண்ட்டில் தாலோஸ் செங்கல் நிறத்தில் செந்நிறக் கடலோரம் நிற்கிறான். உருவம் இருக்கிறது, அசைவு இருக்கிறது, அந்தப் பச்சை மட்டும் திரும்ப வராது.

டெக்னிகலர் நிறுவனம் சாயத்தை அச்சுத்தாள் போல ஒற்றியெடுக்கும் முறையில் தயாரித்த பிரிண்ட்டுகளின் கதை வேறு. அவற்றின் சாயங்கள் உறுதியானவை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் இவற்றை “ஐ.பி. டெக்” (இம்பிபிஷன் டெக்னிகலர்) என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள், அந்தப் பெயருக்காக விலை பல மடங்கு ஏறும். அமெரிக்காவில் இந்த முறை 1970களின் நடுவில் நின்றுபோனது. ‘செவன்த் வாயேஜ்’ டெக்னிகலரில் வெளியானது என்பதால், அதன் ஒற்றைக்கண் அரக்கனை அவன் பிறந்த நிறத்திலேயே பார்க்கும் வாய்ப்பு இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு ரீலை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது, எண்ணியல் மீட்டெடுப்புகளில் பலமுறை பார்த்துப் பழகிய காட்சி முற்றிலும் புதியதாகத் தோன்றியது. நிழல்களுக்குள் கறுப்பு மட்டும் இல்லாமல் நிறமும் இருந்தது. மீட்டெடுப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றில் பல அருமையானவை. ஆனால் இன்று ஒரு கணினியின் முன் அமர்பவர் நிறத்தைத் தீர்மானிக்கும்போது, அன்றைய திரையரங்கில் மக்கள் கண்ட நிறம் எது என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆதாரம் இந்தப் பிரிண்ட்டுகள்தாம்.

இன்னொன்றும் நல்ல பிரிண்ட்டில்தான் முழுமையாகத் தெரியும். ஹாரிஹவுசன் முதலில் நடிகர்களைப் படமாக்கி, அந்தப் படத்தைப் பொம்மைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு திரையில் ஒவ்வொரு ஃபிரேமாக வீழ்த்துவார். காட்சியின் கீழ்ப்பகுதியைக் கறுப்பால் மறைத்துப் பொம்மையை அசைத்துப் பதிவு செய்து, சுருளைத் திருப்பி ஓட்டி, இப்போது மேற்பகுதியை மறைத்துக் கீழ்ப்பகுதியைப் பதிவு செய்வார். பொம்மை மனிதர்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பதாக, அதே மண்ணில் நடப்பதாகத் தோன்றுவது இப்படித்தான். ‘டைனமேஷன்’ என்று விளம்பரப்படுத்தப்பட்டது இந்த உத்தி. இதில் நடிகர்களின் படம் மறுபடி படமாக்கப்படுவதால் அதன் மணிகள் (படத்தை உருவாக்கும் நுண்துகள்கள்) பருத்து, வண்ணம் சற்றே கடினமாகிவிடும். சுருளில் ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் பார்த்தால், ஒரு ஃபிரேமில் தெளிவாக இருந்த பாறையும் மணலும் அடுத்த ஃபிரேமில் சொரசொரப்பாக மாறியிருக்கும். அரக்கன் இன்னும் வந்திருக்கமாட்டான், ஆனால் வரப்போகிறான் என்பதைப் படச்சுருளே முன்கூட்டிச் சொல்லிவிடும். இதைக் குறையென்று கருதி மென்மையாக்கி அழித்துவிடும் மீட்டெடுப்புகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சொரசொரப்பு, ஒரே அறையில் மிகக் குறைந்த பணத்தில் ஒருவர் இரண்டு உலகங்களைத் தைத்த தையல்.

பிரிண்ட் சேர்ப்பது வெறும் ஆசைதானே என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு படங்களின் வரலாற்றைச் சொல்லுவேன். வில்லிஸ் ஓ’பிரையன் டைனோசர்களை அசைவூட்டிய ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ 1925இல் பத்து ரீல் படமாக வெளிவந்தது. சில ஆண்டுகளில் அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டுப் பிரிண்ட்டுகள் அழிக்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு உலகம் அறிந்திருந்தது, வீட்டில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதற்காகக் கோடாஸ்கோப் நூலகம் 16 எம்.எம்.மில் தயாரித்திருந்த ஐந்து ரீல் சுருக்கத்தை மட்டுமே. பாதிப் படம், ஆனால் அந்தப் பாதியும் வீடுகளில் புழங்கிய சிறு சுருள்களால்தான் பிழைத்தது. பின்னர் செக் நாட்டு ஆவணக் காப்பகத்தில் நீளமான ஒரு பிரிண்ட் 1992இல் கிடைத்தது. அதையும் வெவ்வேறு இடங்களில் இருந்த துண்டுகளையும் சேர்த்து இன்று நாம் காணும் வடிவம் உருவானது.

‘கிங் காங்’குக்கு நேர்ந்தது வேறு வகை இழப்பு. 1938இல் மறுவெளியீடு செய்தபோது, அதற்குள் கடுமையாகிவிட்டிருந்த ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்கு இணங்கப் பல காட்சிகள் வெட்டப்பட்டன. காங் மனிதர்களை வாயில் கவ்வுவதும், ஊராரைக் காலால் மிதிப்பதும், உறக்கத்தில் இருந்த பெண்ணை ஜன்னல் வழியே எடுத்துக் கீழே விடுவதும் போயின. வெட்டிய பகுதிகளை ஸ்டுடியோ பாதுகாக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் அவை இல்லாமலேயே படம் ஓடியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 1969இல் ஃபிலடெல்ஃபியாவில் வெட்டப்படாத ஒரு 16 எம்.எம். பிரிண்ட் கிடைத்தது, அதிலிருந்து அந்தக் காட்சிகள் மீண்டும் படத்தில் சேர்க்கப்பட்டன. ஓ’பிரையனும் அவருடைய உதவியாளர்களும் ஃபிரேம் ஃபிரேமாகச் செய்த வேலையின் ஒரு பகுதி, சிறிய அளவில் அச்சான ஒற்றைப் பிரிண்ட்டால் மீண்டது. இதைப் படித்த நாள் முதல், முத்திரையோ பெயரோ இல்லாத எந்த டப்பாவையும் திறந்து பார்க்காமல் நான் ஒதுக்குவதில்லை.

1962இல் வந்த ‘ஜாக் தி ஜெயன்ட் கில்லர்’ படத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. அதைத் தயாரித்தவர்களே 1976இல் அதன்மேல் பாடல்களை ஏற்றி, உதட்டசைவுக்கு ஏற்பப் படத்தை முன்னும் பின்னும் ஓட்டி, இசைப்படமாக்கி வெளியிட்டார்கள். ஆகவே அந்தப் பெயரில் ஒரு பிரிண்ட் விலைக்கு வந்தால் எந்த வடிவம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். எனக்கு வேண்டியது முதல் வடிவம்தான். இசைப்பட வடிவத்தை விரும்பித் தேடுபவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் பிழைத்திருப்பது நல்லதே.

வீட்டுக்கென்று விற்கப்பட்ட 8 எம்.எம்., சூப்பர் 8 சுருக்கங்களைப் பலர் மதிப்பதில்லை. வீடியோ கேசட் வருவதற்கு முன், ஒரு படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளச் சாதாரண மனிதருக்கு இருந்த வழி அதுதான். கொலம்பியா நிறுவனம் ஹாரிஹவுசன் படங்களிலிருந்து 200 அடிச் சுருள்களைத் தொகுத்து விற்றது. கதையும் காதலும் வெட்டப்பட்டு, அரக்கர்கள் வரும் பகுதி மட்டும் பத்து நிமிடத்துக்குள் அடங்கியிருக்கும். தொகுத்தவர் எதை வைத்தார், எதை விட்டார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு படிப்பு. பெட்டியின் மேலட்டை ஓவியத்துக்காகவே அவற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு.

பிரிண்ட்டை வைத்திருப்பது படத்தின் உரிமையை வைத்திருப்பதாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பார்க்கலாம், பொதுவில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தது. 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டவலின் வீட்டை எஃப்.பி.ஐ. சோதனையிட்டு அவருடைய படச்சுருள்களை எடுத்துச் சென்றது; வழக்கு எதுவும் தொடரப்படவில்லை என்றாலும் அந்த அச்சம் சேகரிப்பாளர்களை நீண்ட காலம் மறைந்து வாழ வைத்தது. பட்டியல் எழுதி வைக்கும் பழக்கம் அவர்களிடையே குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எந்தப் பிரிண்ட் யாரிடம் இருக்கிறது என்பது இன்னமும் வாய்வழிச் செய்தியாகவே பரவுகிறது.

கடைசியாக, வினிகர். படச்சுருளின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளிப்படும். டப்பாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்தப் புளித்த நெடியை ஒருமுறை நுகர்ந்தவர் மறக்கமாட்டார். வெளிப்படும் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். நெடி வருமுன்பே கண்டறிய, டப்பாவுக்குள் வைக்கும் சிறு காகிதப் பட்டைகள் இருக்கின்றன: அமிலம் கூடக் கூட நீலத்திலிருந்து பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறும். தொடங்கிய சிதைவை நிறுத்த முடியாது. குளிர்ச்சியாலும் வறட்சியாலும் காற்றோட்டத்தாலும் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். பாதிக்கப்பட்ட சுருளை மற்றவற்றிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். சுருங்கி வளைந்து புரொஜக்டரின் பற்களில் பொருந்தாத நிலைக்கு அது வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும்: வேறெங்கும் இல்லாத காட்சி அதில் இருக்கக்கூடும் என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும், ஆவணக் காப்பகத்துக்கு எழுதித் தெரிவித்து ஒப்படைப்பதே முறை. அப்படிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். தங்கள் சேகரிப்பில் ஒன்று குறைந்ததாக அவர்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 எம்.எம். நைட்ரேட் சுருள்களை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அவை எரியத் தொடங்கினால் தண்ணீருக்குள்ளும் எரியும்.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது 1966ஆம் ஆண்டின் ‘ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.’ படத்தின் பிரிட்டிஷ் பிரிண்ட். அமெரிக்காவில் வெளியிட்டபோது சுமார் ஒன்பது நிமிடங்களை வெட்டி, வேறு வண்ண முறையில் அச்சிட்டார்கள். சந்தைக்கு வருவனவற்றில் பெரும்பாலானவை அந்த வடிவம்தான், அவையும் சிவந்து போனவை. வெட்டப்பட்டவற்றுள் ஒரு நடனம் இருக்கிறது, அதைப்பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆனால் கடலோரக் குடியிருப்பைத் தாக்கும் இளம் அலோசாரஸ் டைனோசரின் சில ஃபிரேம்களும் அதில் போய்விட்டன. முழுப் படம் வட்டுகளில் கிடைக்கிறது, பார்த்திருக்கிறேன். என்றாலும் அந்த அலோசாரஸ் பாயும் இடத்தை டெக்னிகலர் சுருளில், விளக்குப் பெட்டியின்மேல், ஒவ்வொரு ஃபிரேமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படி ஒரு பிரிண்ட் யாரிடமாவது இருந்து, விற்க மனமில்லை என்றாலும் சரி, அந்த ரீலை மட்டும் ஒரு மாலை பார்க்க அனுமதித்தால் போதும்.